கழல மறுக்கும் கப்ளர்: பொருளின்மேல் எழும் சினம் பற்றி

எஞ்சினிலுள்ள சென்சார், இன்ஜெக்டர், இக்னிஷன் காயில் ஒவ்வொன்றும் வண்டியின் வயரிங்கோடு சேருமிடத்தில் கைக்கு அடக்கமான ஒரு பிளாஸ்டிக் கூடு இருக்கும். பட்டறைகளில் அதைக் கப்ளர் என்பார்கள். அதற்கு இரண்டு பாதிகள். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்ததும் ஒரு பாதியின் நாக்கு மறுபாதியின் பல்லைத் தாண்டி விழுந்து, 'டிக்' என்ற சத்தத்தோடு பூட்டிக்கொள்ளும். உள்ளே வெள்ளீயம் பூசிய செம்புக் கலவை முனைகள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருக்கும். நீரும் தூசியும் நுழையாமல் ஒரு சிலிகான் ரப்பர் வளையம் காவல் காக்கும். பிளக்கின் தலைமேலேயே காயில் உட்கார்ந்திருக்கும் நான்கு சிலிண்டர் கார் எஞ்சினில், நான்கு ஸ்பார்க் பிளக்கை மாற்ற வேண்டுமானால் முதலில் நான்கு கப்ளர்களைக் கழற்றியாக வேண்டும். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தது. சாதாரண இருசக்கர வண்டிகளிலும் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டதால், வீட்டு வாசலில் தானே வண்டியைப் பிரித்து உட்காருபவருக்கும் கப்ளர் தவிர்க்க முடியாததாகிவிட்டது.

புது வண்டியில் விரல் நுனியால் அழுத்தினாலே அது கழன்றுவிடும். பல ஆண்டு ஓடிய வண்டியிலோ அதே கப்ளர் அசைய மறுக்கும். கட்டைவிரல் நகம் மடங்கும், விரல் ஓரத்தில் தோல் வழலும், அதன்பிறகு கோபம் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தால் நாக்கு முறிந்து எங்கோ தெறித்து விழும். இந்தக் கோபத்தைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. உயிரும் எண்ணமும் இல்லாத ஒன்றின்மேல் சினம் கொள்வது எப்படிச் சாத்தியமாகிறது, அது பண்பின் குறையா, அறிவின் குறையா என்ற கேள்வி மிகப் பழையது. பொறுமை போதாமல்தான் அது வருகிறது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விடை. அந்த விடை போதாது என்பதற்குக் கப்ளரே நல்ல சான்று. கப்ளரின் அமைப்பை அறியாதவர் எவ்வளவு பொறுமையாக இழுத்தாலும் அது கழலப் போவதில்லை. கூடிப்போனால் உடைவதற்குச் சற்று அதிக நேரம் பிடிக்கும்.

முதலில் அது ஏன் கழல மறுக்கிறது என்று பார்க்க வேண்டும். கூட்டின் பிளாஸ்டிக் நைலான் அல்லது அதற்கு நெருங்கிய வகை. எஞ்சின் சூட்டில் ஆண்டுக்கணக்கில் வெந்து அது நெகிழ்வை இழக்கிறது. வளைந்து கொடுக்க வேண்டிய நாக்கு விறைத்துப்போகிறது. நாக்கின் அடியில் இருக்கும் இடைவெளியில் மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து இறுகிவிடுகின்றன. அதனால் மேலே எவ்வளவு அழுத்தினாலும் கீழே இறங்க இடம் இருக்காது. அசையாமல் கிடந்த சிலிகான் வளையம் எதிர்ச்சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. நீர் புகுந்திருந்தால் முனைகளில் பச்சை பூத்து இரண்டும் கவ்விக்கொண்டிருக்கும். இவை தவிர, பல கப்ளர்களில் இரண்டாவது பூட்டு ஒன்று உண்டு. சிவப்பிலோ மஞ்சளிலோ சின்னதாக ஒரு தாழ்ப்பாள் போல இருக்கும். அதைப் பின்னுக்கு நகர்த்தாதவரை முதல் நாக்கு அழுந்தவே அழுந்தாது. பழைய வகை இன்ஜெக்டர்களில் நாக்குக்குப் பதிலாக ஒரு கம்பி வளையம் பிடித்திருக்கும். எஞ்சின் கணினியில் நிறைய முனைகள் ஒரே நேரத்தில் பிரிய வேண்டியிருப்பதால் அங்கே ஒரு நெம்புகோலே வைத்திருப்பார்கள்.

இந்தக் காரணங்களுள் ஒன்றுகூடக் கப்ளரின் விருப்பமோ வெறுப்போ அல்ல. அதிலும் கவனிக்க வேண்டியது, சில காரணங்கள் கப்ளர் தன் வேலையைச் சரியாகச் செய்ததன் விளைவு. எஞ்சின் ஓயாமல் அதிர்கிறது. அந்த அதிர்வில் ஓர் இணைப்பு தானாகக் கழன்றால் ஓடும் வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும். அது நேரக்கூடாது என்று யாரோ ஒரு வடிவமைப்பாளர் யோசித்துத்தான் பூட்டு வைத்தார், பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டும் வைத்தார். வாசலில் உட்கார்ந்திருப்பவரின் கையை எதிர்ப்பது அந்த மனிதரின் அக்கறை.

சினம் இதையெல்லாம் பார்ப்பதில்லை. பாரசீக மன்னன் செர்க்ஸஸின் கதையைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். கி.மு. 480இல் கிரேக்கத்தின்மீது நடத்திய படையெடுப்புக்காக ஹெல்லஸ்பாண்ட் நீரிணையின் குறுக்கே போட்ட பாலங்களைப் புயல் அழித்தது. மன்னன் கடலுக்கு முந்நூறு சவுக்கடி கொடுக்கச் சொன்னான், விலங்கையும் கடலில் எறியச் செய்தான். பாலம் போட்டவர்களின் தலைகளும் போயின. பொருளின்மேல் மூண்ட சினம் பொருளோடு நிற்காது, பக்கத்தில் இருக்கும் மனிதரையும் சுடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டாம். இரண்டாம் முறை போட்ட பாலம் நிலைத்து நின்றது. வேறு ஆட்கள் கப்பல்களை வரிசையாகக் கட்டி, காற்று வரும் திசைகளைக் கணக்கிட்டு இருபுறமும் கனமான நங்கூரம் பாய்ச்சி, வலுவான வடங்களை இழுத்துக் கட்டினார்கள். சவுக்கடிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

ரோமானிய மெய்யியலாளர் செனெகா சினத்தைப் பற்றி எழுதிய நூலின் இரண்டாம் பகுதியில் இந்த வகைக் கோபத்தைத் தனியாக எடுத்துக்கொள்கிறார். எழுத்து பொடியாக இருக்கிறதென்று புத்தகத்தை வீசியெறிபவர்களையும் உடுப்பைக் கிழிப்பவர்களையும் சுட்டிக்காட்டுகிறார். தீங்கு என்பது நோக்கத்திலிருந்து பிறக்க வேண்டும், நோக்கமில்லாத பொருள் நமக்குத் தீங்கிழைக்க முடியாது, ஆகவே அதன்மேல் சினம் கொள்வது பொருந்தாது என்பது அவருடைய வாதம். திருக்குறளின் வெகுளாமை அதிகாரமோ வேறு பக்கத்திலிருந்து வருகிறது. சினத்தைப் பெரிதாகப் பற்றிக்கொண்டவன் கெடுவது உறுதி என்று சொல்ல, நிலத்தை ஓங்கி அறைந்தவனின் கையை வள்ளுவர் உவமையாக்குகிறார். அங்கே அடிபடும் நிலம் உயிரற்றது, நோவது அடித்தவன் கை. ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் கையை நுழைத்து இழுத்து, திடீரென்று விடுபட்ட வேகத்தில் விரல்முட்டியைத் தகட்டில் மோதிக்கொண்டவருக்கு அந்தக் குறள் உவமையாகவே தோன்றாது.

செனெகாவின் வாதம் சரியானதுதான். ஆனால் அதை அறிந்தவருக்கும் கோபம் வருகிறதே, ஏன்? கப்ளருக்கு எண்ணம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சபிக்கிறோம். ஜெர்மானிய மெய்யியலாளர் ஹைடெகர் 1927இல் வெளியிட்ட 'இருத்தலும் காலமும்' இதற்கு ஒரு வழி திறக்கிறது. கருவி ஒழுங்காக வேலை செய்யும்போது அது நம் கவனத்திற்கே வருவதில்லை. அது உடையும்போதும், தேடும்போது இல்லாமல் போகும்போதும், வேறொன்றுக்குப் போகும் வழியில் குறுக்கே நிற்கும்போதும்தான் பொருளாகக் கண்ணில் படுகிறது என்கிறார் அவர். கப்ளர் மூன்றாம் வகை. யாரும் கப்ளரைக் கழற்றுவதற்காக வண்டி முன் உட்காருவதில்லை. மனம் பிளக்கில் இருக்கிறது, அல்லது மாலைக்குள் வண்டியை எடுக்க வேண்டும் என்பதில் இருக்கிறது. கை மட்டும் கப்ளரில் இருக்கிறது. கைக்கும் மனத்துக்கும் நடுவே உள்ள அந்தத் தூரத்தில்தான் கப்ளர் ஓர் எதிரியின் முகத்தைப் பெறுகிறது.

பொருளை ஆளாகப் பார்ப்பது எப்போதுமே பிழை என்றும் சொல்லிவிட முடியாது. ஆயுத பூஜையன்று தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ஸ்பேனருக்கும் குறட்டுக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்கள், வண்டிச் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறார்கள். அங்கும் பொருளை ஆள்போல நடத்துவதுதான் நடக்கிறது. ஆனால் வணங்கப்படும் பொருளை யாரும் அவசரமாகத் தொடுவதில்லை. அந்த நாளில் ஸ்பேனரைத் துடைத்து வரிசையாக வைப்பவர், அதன் வாய் தேய்ந்திருப்பதையும் பார்க்கிறார். வசையிலும் பொருள் ஆளாகிறது, வழிபாட்டிலும் ஆகிறது. வசையில் பொருளின் உண்மை நிலை மறைகிறது, வழிபாட்டில் அது தெரிய இடம் கிடைக்கிறது. ஆகவே கேள்வி, பொருளுக்கு உயிர் கற்பிக்கலாமா என்பதைவிட, அப்படிக் கற்பிப்பது கண்ணைத் திறக்கிறதா மூடுகிறதா என்பதே.

இந்த இடத்தில் மிகத் தெளிவாகப் பேசுவது, இந்திய மெய்யியல் மரபுகளில் ஒன்றான நியாய தரிசனம். கௌதமரின் நியாய சூத்திரம் தொடக்கத்திலேயே ஒரு சங்கிலியை வைக்கிறது. பொய்யறிவிலிருந்து குற்றங்கள், குற்றங்களிலிருந்து செயல், செயலிலிருந்து பிறப்பு, பிறப்பிலிருந்து துன்பம். பொய்யறிவு அறுந்தால் அடுத்தடுத்த கண்ணிகளும் அறும். குற்றங்கள் மூன்று தொகுதி: விருப்பு, வெறுப்பு, மயக்கம். சினம் வெறுப்பின் தொகுதியில் சேரும். நான்காம் அத்தியாயத்தில் இம்மூன்றில் எது மிகக் கேடானது என்ற கேள்வி வருகிறது. மயக்கமே என்று சூத்திரம் தயங்காமல் விடை தருகிறது. மயக்கம் இல்லாதவரிடம் மற்ற இரண்டும் எழாது என்பது காரணம். திருக்குறளின் மெய்யுணர்தல் அதிகாரமும் இந்த மூன்றும் கெட்டால்தான் நோய் கெடும் என்று முடிகிறது. அந்தப் பேச்சு வெகுளாமையில் அல்லாமல் மெய்யறிவைப் பற்றிய அதிகாரத்தில் இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது.

வீடுபேற்றுக்காகச் சொன்னதை வண்டி வாசலுக்கு இழுத்து வருவது அத்துமீறல் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இந்தச் சங்கிலி உண்மையானால் அது சிறியவற்றிலும் உண்மையாக இருந்தாக வேண்டும். கப்ளரில் அதைக் கண்ணால் காணலாம். கழலாத கப்ளரை இழுக்கும்போது உண்மையில் நடப்பது இது: நாக்கின் கொக்கி பல்லின் விளிம்பில் மாட்டியிருக்கிறது. இழுப்பு கூடக்கூடக் கொக்கி விளிம்போடு இன்னும் இறுகுகிறது. இழுத்துக்கொண்டே நாக்கை அழுத்துபவர், தானே இறுக்கிய பூட்டைத் தானே திறக்கப் பார்க்கிறார். செய்ய வேண்டியது நேர் எதிரானது. இரண்டு பாதிகளையும் முதலில் ஒன்றை நோக்கி ஒன்றை நன்றாக உள்ளே தள்ள வேண்டும். கொக்கியின்மேல் இருந்த பளு இறங்கும், ஒட்டியிருந்த ரப்பரும் சற்று அசைந்து கொடுக்கும். அந்த நிலையிலேயே நாக்கை அழுத்தி, அழுத்தத்தை விடாமல், கூட்டைப் பிடித்து லேசாக அசைத்தபடி பின்வாங்க வேண்டும். பெரும்பாலான கப்ளர்கள் இதற்கு மசிந்துவிடும்.

இதை அறிந்தவரிடம் நிகழும் மாற்றம்தான் இங்கே முக்கியம். அவர் கோபத்தை அடக்கவில்லை, அடக்க வேண்டிய கோபமே அவரிடம் எழவில்லை. 'வர மாட்டேன் என்கிறது' என்ற பொய்யறிவு போய், 'கொக்கியின்மேல் பளு இருக்கிறது' என்ற மெய்யறிவு வந்ததும், வெறுப்பு நிற்பதற்கான தரை கரைந்துவிடுகிறது. பொறுமையைப் போதிக்கும் அறநூல்கள் சினத்தைக் கட்டிப்போடச் சொல்கின்றன. நியாயம் அதன் வேரைத் தோண்டச் சொல்கிறது. முதல் வழி மதிக்கத்தக்கது. ஆனால் தொழிலைக் கற்றுக்கொடுப்பவர்கள் இரண்டாவதையே முதலில் சொல்லித் தர வேண்டும். 'பொறுமையா செய்டா' என்று திட்டப்படும் பையனுக்கு நாக்கு எப்படி மாட்டியிருக்கிறது என்பதைப் பழைய கப்ளர் ஒன்றைக் கையில் கொடுத்துக் காட்டிவிட்டால் அந்தத் திட்டுக்கே அவசியம் இருக்காது.

ராபர்ட் பிர்சிக் 1974இல் வெளியிட்ட, ஜென்னையும் மோட்டார் சைக்கிள் பராமரிப்பையும் பற்றிய புகழ்பெற்ற நூலில் இதற்குப் பக்கத்தில் வருகிறார். அங்கே சிக்கல், மூடித் தகட்டின் ஒரு ஸ்குரூ தலை தேய்ந்து கழலாமல் நிற்பது. அந்த நேரத்தில் அந்த ஒரு ஸ்குரூவின் மதிப்பு முழு வண்டியின் விலைக்குச் சமம் என்கிறார் அவர். வழி தெரியாமல் நிற்கும் அந்த வெறுமைதான் மெய்யான அறிவுக்கு வாசல், அதைக் கண்டு ஓடக்கூடாது என்பது அவர் துணிபு. ஆழமான கருத்துதான். ஆனால் தலை தேய்ந்த ஸ்குரூவுக்கும் கப்ளருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஸ்குரூவில் தெரிந்துகொள்ள வேண்டியது குறைவு, கண்டுபிடிக்க வேண்டியதே அதிகம். கப்ளரில் விடை ஏற்கனவே உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது. கழற்றுவதற்கென்றே ஒரு வழியை வடிவமைத்தவர் விட்டுவைத்திருக்கிறார். அங்கே தேவைப்படுவது வெறுமையைத் தாங்கும் திடத்தைவிட, இன்னொரு மனத்தின் எண்ணத்தை அதன் கைவேலையிலிருந்து படித்தறியும் திறன்.

அந்தப் படிப்பு பெரும்பாலும் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடக்கிறது. கிராங்க் சென்சாரின் கப்ளர் பல எஞ்சின்களில் கீழே, ஒரு விரல் மட்டும் போகக்கூடிய சந்தில் இருக்கும். அங்கே நியாயம் சொல்லும் அனுமானம் ஒன்றே துணை. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அதே வகைக் கப்ளர் ஒன்று இருந்தால் அதைக் கழற்றிப் பார்த்து, நாக்கு எந்தப் பக்கம், அழுத்துவதா தூக்குவதா, இரண்டாம் பூட்டு உண்டா என்று அறியலாம். பிறகு விரல் நுனி அந்த வடிவத்தை இருட்டில் தேடும். சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் உதவும். மண் இறுகியிருந்தால் காற்றடித்து, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கான்டாக்ட் கிளீனர் தெளித்துச் சற்று விட்டுவிட வேண்டும். ஸ்குரூ டிரைவர் நுனியை நாக்கைத் தூக்க மட்டும் பயன்படுத்தலாம், இரு பாதிகளுக்கும் நடுவே நுழைத்து நெம்பக்கூடாது. சீனத் தத்துவ நூலான சுவாங்ட்சுவின் மூன்றாம் அத்தியாயத்தில் மாடு அறுக்கும் சமையல்காரர் டிங் வருகிறார். பத்தொன்பது ஆண்டுகளாக அவர் கத்தி தீட்டியதுபோலவே இருக்கிறது, ஏனெனில் அது எலும்பில் மோதுவதில்லை, மூட்டுகளின் இடைவெளியில் மட்டும் போகிறது. அத்தனை தேர்ந்தவரும் சிக்கலான மூட்டு வந்ததும் வேகத்தைக் குறைத்துக் கண்ணை அதிலேயே நிறுத்துகிறார். தேர்ச்சி என்பது தயக்கமின்மை என்று எண்ணுபவர்கள் இந்தப் பகுதியை மறுபடி படிக்க வேண்டும்.

எல்லாம் அறிந்தும் கழலாத கப்ளரும் உண்டு. புகைக்குழாயின் பக்கத்தில் வெந்துபோன ஆக்சிஜன் சென்சார் கப்ளரில் நாக்கு கல்லாகிவிட்டிருக்கும். அழுத்தினால் முறியும், விட்டால் வேலை நிற்கும். அப்போது அதை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். கோபத்தில் உடைப்பதும் தெரிந்து உடைப்பதும் ஒன்றா? இதே வடிவிலான வழக்கு ஒன்று பாலி மொழிச் சுத்தபிடகத்தில் இருக்கிறது. தீவினைகளில் உடலால் செய்வதே மிகக் கொடியது என்பது சமணர் தரப்பு, மனத்தால் செய்வதே என்பது புத்தரின் தரப்பு. உபாலி என்ற சமண இல்லறத்தார் இதை வாதிட வந்து புத்தர் பக்கம் சேர்ந்ததாக அந்தப் பகுதி சொல்கிறது. முறிந்த நாக்கை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு உடைப்பும் ஒன்றே. நோக்கத்தைப் பார்ப்பவருக்கு இரண்டும் வேறு. ஆனால் இந்த வேலையில் விளைவே வேறாகிவிடுகிறது என்பதுதான் நேர்மையான விடை. தெரிந்து உடைப்பவர் மாற்றுக் கூட்டை முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பார், உடையும் பக்கத்தையும் தேர்ந்தெடுப்பார், சில்லு எஞ்சினுக்குள் விழாமல் துணி அடைத்திருப்பார். கோபத்தில் உடைப்பவருக்கு எது உடைந்தது என்பதே பிறகுதான் தெரியும்.

அதைவிடக் கேடானது உடைந்ததே தெரியாமல் போவது. கூட்டைப் பிடிக்காமல் வயரைப் பிடித்து இழுத்தால் கப்ளர் கழன்றுவிடலாம், வேலையும் முடிந்துவிடலாம். உள்ளே முனையோடு வயரைப் பிணைத்த இடத்தில் சில இழைகள் அறுந்திருக்கும். மாதக்கணக்கில் கழித்து ஒரு பள்ளத்தில் குலுங்கும்போது எஞ்சின் ஒரு கணம் தடுமாறும், பிறகு சரியாகிவிடும். எந்தப் பட்டறையிலும் பிடிபடாத கோளாறாக அது திரியும். அந்த நேரத்தில் வண்டியில் இருப்பவர் வேறொருவராக இருக்கலாம். செர்க்ஸஸின் பாலக்காரர்களைப் போல, பொருளின்மேல் காட்டிய சினத்தை வாங்கிக்கொள்பவர் கடைசியில் ஒரு மனிதரே. வேலை செய்பவருக்கும் ஆபத்து உண்டு, அதனால்தான் தொடங்கும் முன் சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றச் சொல்கிறார்கள். ஏர்பேக் வயரிங்கின் மஞ்சள் கப்ளரையும், ஹைபிரிட், மின்சார வண்டிகளின் ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கேபிளையும் முறையான பயிற்சி இல்லாதவர் தொடவே கூடாது. அங்கே அறியாமைக்கு விலை உயிர்.

வேலை முடிந்து மறுபடி பூட்டும்போது கேள்வி வேறு உருவில் வருகிறது: சரியாகப் பூட்டியிருக்கிறது என்பது எப்படித் தெரியும்? இந்திய மெய்யியலில் இதற்கு நீண்ட வழக்கு உண்டு. குமாரில பட்டரைப் பின்பற்றும் மீமாம்சகர்களின்படி, ஓர் அறிவு எழும்போதே மெய்யென்ற தகுதியோடு எழுகிறது. அதை மறுக்கும் இன்னோர் அறிவு வரும்வரை சந்தேகிக்கத் தேவையில்லை. நியாயத்தார் மறுத்தார்கள். அறிவின் மெய்ம்மை வெளியிலிருந்து, அதை நம்பிச் செய்த செயல் பலிப்பதிலிருந்து தெரிய வேண்டும் என்றார்கள். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் தம் உரையை இந்தக் கருத்தோடுதான் தொடங்குகிறார். 'டிக்' சத்தம் கேட்டது, ஆகவே பூட்டிவிட்டது என்று எழுபவர் மீமாம்சகர் பக்கம். சாதாரண வாழ்க்கையில் அவர் சொல்வதுதான் நடக்கிறது, ஒவ்வொன்றையும் சோதித்துக்கொண்டிருந்தால் ஒரு நாள் நகராது. ஆனால் எஞ்சின் அறையில் பிளாஸ்டிக் உரசும் சத்தமும் பூட்டும் சத்தமும் ஏறக்குறைய ஒன்றுபோலக் கேட்கும். தேய்ந்த நாக்கு பல்லின்மேல் ஏறி நின்றுகொண்டே 'டிக்' என்னும். அதனால் இந்த வேலைக்கு நியாயத்தார் வழியே ஏற்றது. தள்ளி, சத்தம் கேட்டபின், கூட்டைப் பிடித்து ஒருமுறை லேசாகப் பின்னுக்கு இழுத்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் பூட்டு உள்ள கப்ளரில் அந்தச் சோதனை உள்ளேயே இருக்கிறது. முதல் பூட்டு முழுதாக விழாதவரை சிவப்புத் தாழ்ப்பாள் தன் இடத்துக்குப் போகாது. போனபின் பேட்டரி முனையை மாட்டி, சாவியைத் திருப்பி, எஞ்சின் விளக்கு அணைகிறதா என்று பார்த்துவிட்டு மூடியைச் சாத்தலாம்.